மீள்செயல் நிபந்தனை: ஒரு சுற்று கூடுவதும் குறைவதும்

மாணவர்களே, 10 மீற்றர் நீளமான நேர்வேலிக்கு மீற்றருக்கு ஒன்றாகக் கதியால் நடுவதாயின் எத்தனை கதியால்கள் வேண்டும்? 10 எனச் சட்டென்று விடையளிப்பவர்கள் பலர். இடைவெளிகள்தான் 10, இரு முனைகளிலும் நட வேண்டுமாதலால் கதியால்கள் 11. மீள்செயல் எழுதும்போதும் இதே தவறு நேர்கிறது.

1 முதல் 5 வரையான எண்களின் கூட்டுத்தொகையைக் காண எழுதப்பட்ட பின்வரும் போலிக்குறிமுறையைக் கவனியுங்கள்.

தொகை = 0
எண் = 1
எண் < 5 ஆக இருக்கும்வரை
    தொகை = தொகை + எண்
    எண் = எண் + 1
மீள்செயல் முடிவு
தொகையைக் காட்டு

வருவிளைவு 15 ஆக வேண்டும். ஆனால் கிடைப்பது 10. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாறிகளின் பெறுமானங்களை எழுதிப் பாருங்கள்.

சுற்று 1: தொகை 1, எண் 2
சுற்று 2: தொகை 3, எண் 3
சுற்று 3: தொகை 6, எண் 4
சுற்று 4: தொகை 10, எண் 5

இப்போது 5 < 5 என்பது பொய். எனவே 5 கூட்டப்படாமலே மீள்செயல் நின்றுவிடுகிறது. நிபந்தனையை எண் <= 5 என மாற்றினால் ஐந்தாவது சுற்றும் நடைபெற்று 15 கிடைக்கும்.

இதைக் கண்டு "<= சரி, < பிழை" என மனனம் செய்துவிடாதீர்கள். பலர் புள்ளிகளை இழப்பது இங்கேதான். எண் = 0 எனத் தொடங்கி, எண்ணை 1 ஆல் கூட்டும் வரியை முதலிலும் தொகை வரியை அடுத்தும் எழுதினால் எண் < 5 என்பதே சரி. அங்கு <= இட்டால் 6 உம் சேர்ந்து 21 வரும். ஆகவே தொடக்கப் பெறுமானம், கூட்டும் வரியின் இடம், குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பஸ்கால் மொழியின் ரிப்பீற்–அன்ரில் கட்டமைப்பில் இன்னுமொரு கவனம் தேவை. அது நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை அன்று, உண்மையாகும்வரை இயங்கும். எனவே, முதற் குறிமுறையை அதில் எழுதுவதாயின் நிபந்தனை எண் > 5 ஆகும். நிபந்தனை இறுதியிலே சோதிக்கப்படுவதால் ஒரு சுற்றாவது கட்டாயம் நடைபெறும்.

நேரம் போதாதென்று சுவட்டு அட்டவணையைத் தவிர்க்க வேண்டாம். நான்கு வரி எழுத எவ்வளவு நேரம் செல்லும்? முடியாவிடின் முதற் சுற்றையும் இறுதிச் சுற்றையுமாவது எழுதிப் பாருங்கள்.

பயிற்சி: மேலுள்ள குறிமுறையில் வேறெதையும் மாற்றாமல் மீள்செயலுக்குள் உள்ள இரு வரிகளை மட்டும் இடம் மாற்றினால் வருவிளைவு யாது?
விடை: 14. சுற்றுகள் நான்கே, 1 விடுபட்டு, 2 முதல் 5 வரை கூட்டப்படும்.