எந்த ஜீன் சர்க்கரையைக் கடத்துகிறது? பிளாஸ்ட் தளத்தில் தேடுவோம்

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஈ.கோலி என்ற பாக்டீரியாவின் செல் சவ்வில் உள்ள ஒரு புரதமும் இப்படித்தான் வளைந்து வளைந்து செல்கிறது. சவ்வின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போய்த் திரும்பி, மொத்தம் 12 முறை குறுக்கே கடக்கிறது. இதன் பெயர் லாக்ஒய். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை செல்லுக்குள் கொண்டு வருவது இதன் வேலை.

நாளை கொல்லிமலை மண்ணில் இருந்து ஒரு புதிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதன் மரபணுத் தொகுப்பைப் படித்து விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான ஜீன்கள் கிடைக்கும். இதில் சர்க்கரையைக் கடத்தும் ஜீன் எது? இதைத் தேடும் முதல் படியை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இலவசமாகச் செய்யலாம். 1990-ல் வெளியான பிளாஸ்ட் என்ற புரோகிராம் இதற்கு உதவுகிறது.

பிளாஸ்ட் என்ன செய்கிறது?

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. ஆகவே கம்ப்யூட்டருக்குப் புரதம் என்பது ஒரு நீண்ட சொல், அவ்வளவுதான். இரண்டு சொற்களை அடுக்கி ஒப்பிடுவதைத் தமிழிலேயே பார்ப்போம்.

கொ - ல் - லி - ம - லை
ப - ச் - சை - ம - லை

5 எழுத்துகளில் 2 பொருந்துகின்றன. அதாவது 40 சதவீதம். இரண்டும் மலைகள் என்று தெரிகிறது. ஆனால் இரண்டும் ஒரே மலை அல்ல! இதை நினைவில் வையுங்கள். பாடத்தின் சாரமே இதுதான்.

பிளாஸ்ட் இன்னொன்றும் செய்யும். எழுதும்போது ல-வும் ள-வும் மாறிப் போவது போல, குணத்தில் நெருங்கிய அமினோ அமிலங்கள் இடம் மாறினால் அதைப் பெரிய தவறாகக் கருதாது. லூசின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் வந்தால் 2 மதிப்பெண் தரும். அஸ்பார்டிக் அமிலம் வந்தால் 4 மதிப்பெண் குறைக்கும்.

செய்து பார்ப்போம்

1. பிரவுசரில் யூனிப்ராட் தளத்தைத் திறக்கவும். தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்து பி, அதை ஒட்டி 02920 என டைப் செய்து எண்டர் தட்டவும். லாக்ஒய் புரதத்தின் பக்கம் கிடைக்கும்.

2. சீக்குவன்ஸ் என்ற பகுதிக்குச் செல்லவும். அங்கே 417 எழுத்துகள் இருக்கும். அவற்றைக் காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்து, ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து கொள்ளவும்.

3. என்சிபிஐ அமைப்பின் பிளாஸ்ட் தளத்துக்குச் சென்று, புரோட்டீன் பிளாஸ்ட் என்பதைக் கிளிக் செய்யவும். மேலே உள்ள பெரிய பெட்டியில் 417 எழுத்துகளையும் பேஸ்ட் செய்யவும்.

4. டேட்டாபேஸ் பட்டியலில் ஸ்விஸ்-ப்ராட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இது அளவில் சிறியது. வல்லுநர்கள் சரிபார்த்தது.

5. பிளாஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும். தேடும் வேலை முழுவதும் அவர்களுடைய சர்வரில்தான் நடக்கிறது. எனவே உங்கள் கம்ப்யூட்டர் வேகம் குறைந்ததாக இருந்தாலும் கவலை வேண்டாம். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம்.

முடிவைப் படிப்பது எப்படி?

மூன்று எண்களைக் கவனித்தால் போதும். பர்சன்ட் ஐடென்டிடி என்பது எத்தனை சதவீத எழுத்துகள் அப்படியே பொருந்துகின்றன என்று சொல்லும். க்வெரி கவர் என்பது உங்கள் புரதத்தில் எவ்வளவு பகுதி ஒப்பிடப்பட்டது என்று சொல்லும். இ-வேல்யூ என்பது, இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கக்கூடும் என்ற கணக்கு. இது பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது.

பட்டியலில் சிஎஸ்சிபி என்ற புரதமும் வரும். லாக்ஒய்-யுடன் இது ஏறத்தாழ 30 சதவீதம் ஒத்துப்போகிறது. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் சிஎஸ்சிபி கடத்துவது லாக்டோஸை அல்ல, நாம் காபியில் போடும் சுக்ரோஸை. கொல்லிமலையும் பச்சைமலையும் போல!

இதற்கு நேர் எதிரான விஷயமும் உண்டு. தயிர், யோகர்ட் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவும் லாக்டோஸைத்தான் உள்ளே எடுக்கிறது. ஆனால் அதன் கடத்தியான லாக்எஸ் வேறு குடும்பம். 634 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் முன்பகுதி மெலிபையோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கடத்தும் மெல்பி புரதத்தை ஒத்திருக்கிறது. லாக்ஒய்-யை மட்டும் வைத்துத் தேடியவர் லாக்எஸ்-ஸைத் தவற விட்டுவிடுவார்.

ஓர் எழுத்து மாறினால்?

கொல்லி என்பது மலை. கொள்ளி என்பது எரியும் கட்டை. லாக்ஒய்-யில் 325-வது இடத்தில் உள்ள குளுட்டமிக் அமிலத்தை நீக்கி அலனின் வைத்தால், லாக்டோஸை உள்ளே இழுத்துச் சேர்க்கும் திறன் போய்விடுகிறது. 417-ல் 416 எழுத்துகள் அப்படியே இருப்பதால் பிளாஸ்ட் 99 சதவீதத்துக்கு மேல் பொருத்தம் என்றே காட்டும்!

ஆகவே பட்டியலில் முதலில் வந்த பெயரைக் காப்பி செய்து உங்கள் ஜீனுக்குச் சூட்டி விடாதீர்கள். அந்தப் பெயரே தவறாக இருந்தால், அதை நம்பி அடுத்தவர் காப்பி செய்வார். தவறு டேட்டாபேஸ் முழுவதும் பரவும். பக்கத்து ஜீன்களையும் பாருங்கள். ஈ.கோலியில் லாக்ஒய் ஜீனுக்கு அருகிலேயே லாக்டோஸை உடைக்கும் என்சைமின் ஜீனான லாக்இசட் இருக்கிறது. இப்படிப்பட்ட அண்டை வீட்டார் நல்ல சாட்சி. கடைசித் தீர்ப்பு ஆய்வுக்கூடத்தில்தான். அந்த ஜீனை நீக்கிய பிறகு, லாக்டோஸை மட்டும் உணவாகக் கொடுத்தால் பாக்டீரியா வளர்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எங்கே தேடலாம் என்று பிளாஸ்ட் காட்டும். அது என்ன செய்கிறது என்பதைச் சோதனைதான் சொல்லும். இன்றே லாக்ஒய்-யை வைத்துத் தேடிப் பாருங்கள். அடுத்து சிஎஸ்சிபி-யை வைத்துத் தேடுங்கள். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் உறவுமுறை உங்களுக்கே புரியத் தொடங்கும்.