காபரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காபரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்சன் போடலாமா?" கேள்வி நியாயமானதே. 2020 ஏப்ரலில் இந்தியாவில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாடு வந்தபின் அங்கு விற்கப்படும் புதிய வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்சனுக்கு மாறிவிட்டன. 2022இல் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி, கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்காக வெயிலில் நின்றவர்களுக்கு மிச்சம் பிடிக்கும் எந்த வழியும் பெரிதாகத் தோன்றும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் வண்டி தோற்றுப்போனவர்களின் கவலை வேறு.

போடலாம். ஆனால் இது ஒரு சாமானைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுகிற வேலை அல்ல. காபரேட்டர் காற்றைக் கொண்டே பெற்றோலை அளக்கிறது. இன்ஜெக்சனோ மின்சாரத்தைக் கொண்டு அளக்கிறது. எனவே மின்சாரம் ஒழுங்காக இல்லாத வண்டியில் இன்ஜெக்சன் நிற்காது. இந்தப் பாடத்தில் அதையே படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு சொட்டில் ஐந்தில் ஒன்று

எங்கள் வீதிகளில் இன்னும் ஓடும் ஹொண்டா சி.டி. 200 வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 194 சி.சி., இரண்டு சிலிண்டர், ஒரே காபரேட்டர். பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு சிலிண்டர் நிறையக் காற்று எடுத்தால் அது ஏறத்தாழ 0.11 கிராம். அதற்குத் தேவையான பெற்றோல் 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு, அதாவது ஒரு சொட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது செக்கனுக்கு 100 தடவை இப்படி அளந்து கொடுக்க வேண்டும்.

காபரேட்டர் இதை ஒரு வயர்கூட இல்லாமல் செய்கிறது. இயந்திரம் காற்றை உறிஞ்சுகிறது. ஒடுக்கமான கழுத்தில் காற்று வேகம் பிடிக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, ஜெற் துளை வழியாகப் பெற்றோல் மேலேறுகிறது. காற்று கூடினால் பெற்றோலும் கூடும். இதைக் கண்டுபிடித்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

குறை எங்கே? காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது காபரேட்டருக்குத் தெரியும், அது எவ்வளவு அடர்த்தியானது என்பது சரியாகத் தெரியாது. கண்டியில் நன்றாக ஓடிய வண்டி நுவரெலியாவுக்கு ஏறும்போது சோர்ந்து கறுப்புப் புகை விடுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே உயரம் 1868 மீற்றர். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்கு ஜெற் பெற்றோலைக் குறைப்பதில்லை. காலையில் சோக் இழுக்க வேண்டியிருப்பதும் இதைப் போன்ற காரணத்தால்தான். இயந்திரம் குளிர்ந்திருப்பது காபரேட்டருக்குத் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும்.

இன்ஜெக்சனில் நடப்பது

இங்கே பெற்றோலை ஒரு மின்சாரப் பம்ப் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வைத்திருக்கிறது. இன்ஜெக்ரர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு. அழுத்தம் மாறாதிருந்தால், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெற்றோல். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது ஒரு சிறு கணினி. அது இயந்திரத்தின் சுற்று வேகம், திரொட்டில் திறப்பு, உள்ளே போகும் காற்றின் அழுத்தமும் வெப்பமும், இயந்திரத்தின் சூடு ஆகியவற்றை சென்சர்கள் மூலம் அறிந்து, தனக்குள் பதிந்திருக்கும் அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடும்.

பழைய வண்டிக்கு வேண்டிய திரொட்டில் பொடியை விபத்தில் சிக்கிய 125 அல்லது 150 சி.சி. புதிய வண்டியிலிருந்து எடுப்பது நல்லது. சென்சர்களும் இன்ஜெக்ரரும் பெரும்பாலும் அதிலேயே பூட்டியிருக்கும். காரின் இன்ஜெக்ரர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம். 15 குதிரைவலு இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சி.சி. விடும் இன்ஜெக்ரர் போதும். அது வெறும் ஓட்டத்தில் ஒன்றரை மில்லிசெக்கன் அளவு திறக்கும். 250 சி.சி. விடும் கார் இன்ஜெக்ரராக இருந்தால் அரை மில்லிசெக்கனுக்குச் சற்றுக் கூடத்தான் திறக்கவேண்டும். வால்வு அசைந்து திறப்பதற்கே கிட்டத்தட்ட ஒரு மில்லிசெக்கன் பிடிக்கும்போது அந்த அளவு எப்படிச் சரியாக வரும்? வண்டி விக்கி விக்கி நிற்கும்.

கணினியை மட்டும் அந்தப் புதிய வண்டியிலிருந்து எடுக்க முடியாது. அதன் அட்டவணை அந்த இயந்திரத்துக்கே உரியது. நாமே அட்டவணை எழுதக்கூடிய மைக்ரோஸ்குவேர்ட், ஸ்பீடுவினோ போன்றவை உண்டு. ஸ்பீடுவினோவின் சுற்றுப்படமும் மென்பொருளும் எவரும் இலவசமாக எடுக்கக்கூடியவை. சோல்டர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. சுழல்தண்டில் ஒரு பல்லில்லாத பற்சக்கரமும் அதன் அருகே ஒரு சென்சரும் பூட்டவேண்டும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி அந்த இடைவெளியிலிருந்துதான் கண்டுகொள்ளும்.

அட்டவணை எழுதும்போது காதை நம்பவேண்டாம். சைலன்சர் குழாயில் அகன்ற அளவு காட்டும் ஒட்சிசன் சென்சர் ஒன்றைப் பூட்டியே எழுதுங்கள். சாதாரண ஒட்சிசன் சென்சர் 14.7க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். முழுத் திரொட்டிலில் 12.5க்கும் 13க்கும் இடையில் நிற்கவேண்டும். காற்றால் குளிரும் இயந்திரத்துக்குப் பெற்றோல் குறைந்தால் சூடு ஏறி பிஸ்டனில் ஓட்டை விழும். மிச்சம் பிடிக்கப்போய் இயந்திரத்தை இழந்த கதை இப்படித்தான் நடக்கிறது.

மின்சாரம்

மீன் பெட்டி கட்டிக் கிராமம் கிராமமாகப் போகும் ஒருவர், சேர்த்து வைத்த காசில் தன் பழைய வண்டிக்கு இந்த வேலையைச் செய்வித்தார். செய்தவர் கெட்டிக்காரர், வேலையில் பிழை இல்லை. ஒரு கிழமை வண்டி பூப்போல ஓடியது. பிறகு விடிய நாலு மணிக்கு, விளக்கைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. பற்றரி இறங்கிவிட்டது. தள்ளி ஸ்ரார்ட் செய்யவும் முடியவில்லை, ஏனென்றால் பம்ப் சுழலப் பற்றரி வேண்டும். அன்றைய மீன் போயிற்று, அடுத்த இரண்டு நாளும் போயிற்று. மூன்றாம் நாள் அவர் பழைய காபரேட்டரைத் தேடிப் பூட்டினார். நல்ல காலம், அதை அவர் விற்றிருக்கவில்லை.

கணக்கு எளிது. பம்புக்கு 40 வாற் அளவில் வேண்டும். கணினி, இன்ஜெக்ரர், ஒட்சிசன் சென்சரின் சூடேற்றி எல்லாம் சேர்ந்தால் 60, 70 வாற் ஆகிவிடும். முன்விளக்கு 35 வாற். இவ்வளவையும் கொடுத்துவிட்டுப் பற்றரியையும் நிரப்பக்கூடிய ஆல்ரனேற்றர் பழைய வண்டிகள் பலவற்றில் இல்லை. 6 வோல்ற் வண்டியாக இருந்தால் முழு மின் அமைப்பையும் 12 வோல்ற்றுக்கு மாற்றாமல் யோசிக்கவே வேண்டாம். முன்விளக்கை எல்.ஈ.டி. ஆக்கினால் 20 வாற் அளவில் மீளும், பாதிப் பிரச்சினை அதோடு தீரலாம்.

தீ

காபரேட்டருக்குப் பெற்றோல் தன் பாரத்தாலேயே இறங்குகிறது. குழாய் வெடித்தால் சொட்டும். 3 பாரில் வெடித்தால் சூடான இயந்திரத்தின்மேல் பீச்சியடிக்கும். எனவே இன்ஜெக்சனுக்கென்று செய்த குழாயும் அதற்குரிய கிளிப்பும் தவிர வேறெதுவும் பாவிக்கக்கூடாது. வண்டி சரிந்து விழுந்தால் பம்பை நிறுத்தும் சுவிச் கட்டாயம். இயந்திரம் நின்றால் பம்பும் நிற்கும்படி கணினி வழியாகவே றிலேயை இணைக்கவேண்டும். தாங்கிக்குள் பம்ப் வைக்க ஒட்டு வேலை செய்ய விரும்புவோர் பலர். வெறுமையான தாங்கியில் தங்கிய ஆவி, நிறைந்த தாங்கியைவிட மோசமாக வெடிக்கும். வெளியே பம்ப் வைத்து, பில்ரர் போட்டு, மிஞ்சிய பெற்றோல் திரும்பும் குழாயையும் கொடுப்பதே மேல். தாங்கியின் உள்துருவை முதலில் எடுத்துவிடுங்கள். ரிசேவில் ஓடும் பழக்கத்தையும் விடவேண்டும். பம்பைக் குளிரவைப்பது பெற்றோல்தான்.

யாருக்கு ஏற்றது?

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் வருடக்கணக்காக மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். புகை, கரி, பிளக் கழுவல் எல்லாம் இருந்தன, ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இருந்தது. ஜெற்றை விரலால் பிடித்து, ஊதிப் பார்த்து, மாற்றக்கூடிய சாமான் என்பதால்தான் அது முடிந்தது. பெற்றோலுக்கென்று எழுதிய அட்டவணையோடு ஓடும் வண்டி இவ்வளவு விட்டுக்கொடுக்காது.

ஆகவே வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு என் அபிப்பிராயம் இது. பெற்றோல் அதிகம் குடித்தால் முதலில் தேய்ந்த ஊசியையும் ஜெற்றையும் மாற்றுங்கள், மிதவையின் மட்டத்தைச் சரிபாருங்கள், காற்று பில்ரரைத் துப்புரவாக்குங்கள், வால்வு இடைவெளியை வையுங்கள், பிறேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இன்ஜெக்சன் தரும் மிச்சத்தில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடும். மலைநாட்டில் ஏறி இறங்குபவர், காபரேட்டர் சாமான் கிடைக்காத வண்டிக்காரர், கற்க விரும்பும் இளம் மெக்கானிக் ஆகியோருக்கு இன்ஜெக்சன் பொருந்தும்.

செய்து பாருங்கள்: 12 வோல்ற் வண்டியின் பற்றரியில் மீற்றரைப் பிடித்து, விளக்கைப் போட்டு, நடுத்தர வேகத்தில் இயந்திரத்தை ஓடவிடுங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டவேண்டும். இப்போது 55 வாற் கார் பல்ப் ஒன்றைப் பியூஸோடு பற்றரியில் இணையுங்கள். பம்புக்கும் கணினிக்கும் பதிலாக அது எரியட்டும். வீதியில் ஓடும்போது கிடைக்கும் காற்று நின்ற வண்டிக்குக் கிடைக்காது, ஆகவே ஒரு மின்விசிறியை இயந்திரத்தின் முன் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். மீற்றர் 12.6க்குக் கீழே இறங்கினால் காபரேட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.