பழைய வண்டியும் பவுனும்: கைமாற்றும் முன் அறிய வேண்டியவை

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில், மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயிலால் அறியப்படும் மண்டகப்பட்டு போன்ற வேளாண் ஊர்களில், மகசூல் பணத்தில் மிஞ்சியதைப் பவுனாக்கி வைப்பதும் அவசரத்துக்கு அதை அடகு வைத்து மீட்பதும் நெடுநாள் வழக்கமாதலால், கொட்டகையில் நிற்கும் பழைய புல்லட்டையோ அம்பாசிடரையோ விற்றுத் தங்கமாக்கலாம் என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது. இம்மாற்றத்தில் நட்டம் வராமலிருக்க, வண்டியைப் பணமாக்குவதையும் பணத்தைத் தங்கமாக்குவதையும் இரண்டு தனி வியாபாரங்களாக நடத்துவதே நல்லது. நேரடிப் பண்டமாற்றில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு விலை குறைக்கப்பட்டது என்பது விற்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

தங்கத்துக்கு எடையும் தரமும் அன்றைய விலையும் போதும். பழைய வண்டிக்கோ வயது மட்டும் விலையாவதில்லை. மைசூரில் தயாரான யெஸ்டியும், யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் 1996-இலும், அம்பாசிடர் 2014-இலும் உற்பத்தி நின்றவை. புல்லட் இன்றும் தயாராகிறது என்றாலும், ஆர்வலர்கள் தேடுவது வார்ப்பிரும்பு என்ஜினும் வலப்பக்கக் கியரும் கொண்ட பழைய வண்டியையே. பளபளப்புக்காகப் பாகங்களை மாற்றி, புதுப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, மங்கினாலும் அசல் பாகங்களோடு நிற்கும் வண்டியையே அவர்கள் விரும்புகின்றனர்.

விலை பேசுமுன், சேஸிஸ் எண்ணின் மீதுள்ள அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து, அதையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் பெயர்மாற்றம் சிக்கலாகும். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பெயர்மாற்றத்துக்கு உரிய 29, 30 ஆகிய படிவங்களைத் தராமல் வண்டியை ஒப்படைத்தால், பின்னால் நேரும் விபத்து வழக்கு பழைய உரிமையாளர் மீதே வரக்கூடும். ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளை 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ வரிசை எண் கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிந்தவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.

தங்கம் வாங்கும்போது, பவுன் என்பது எட்டு கிராம் என்றும், 22 காரட் என்பது 91.6 விழுக்காடு தூய தங்கம் என்றும் நினைவில் கொள்ள வேண்டும். ஐந்து பவுன் நகைக்குச் சேதாரம் 10 விழுக்காடு என்றால், 40 கிராமுக்கு 44 கிராமின் விலையும், அதன்மேல் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் போகும், விற்கையில் இவை திரும்பி வாரா. எனவே முதலீட்டுக்குச் சேதாரம் குறைந்த நாணயமே ஏற்றது. வண்டி விற்ற தொகை இரண்டு லட்சத்தை எட்டினால் ரொக்கமாகப் பெறக் கூடாது என்பதால், வங்கி வழியே பெறுவதே முறை. சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, தங்கத்துக்கு உண்டு.

அடகுக்கடையில் பவுன் அன்றே பணமாகிறது, பின்னர் மீட்கவும் முடிகிறது. விற்றுவிட்ட அரிய வண்டி மீண்டும் கிடைப்பதில்லை. ஆகவே, எளிதில் கிடைக்கும் ரக வண்டியைத் தங்கமாக்குவதில் தவறில்லை. ஆவணமும் அசல் பாகங்களும் நிறைந்த அரிய வண்டியை, அதன் மதிப்பறிந்த ஆர்வலர் வரும்வரை வைத்திருப்பதே ஆதாயம்.