ஆஸ் ஜோடி தோற்ற கணக்கு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், "கவிதை நிறைய வந்துருச்சு. நீ ஏதாவது கணக்கு எழுதிக் குடு" என்றார். கணக்கு என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சீட்டாட்டம்தான். பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் படித்த நிகழ்தகவு தெரிந்தால் போதும், இந்தப் பாடம் புரிந்துவிடும்.

என் அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். 2023-ஆம் ஆண்டு செல்போனில் பணம் கட்டி போக்கர் ஆட ஆரம்பித்தார். நான்கு மாதத்தில் 32,000 ரூபாய் போயிற்று. அம்மாவின் அடகுச் செயினை மீட்க அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அது. வீட்டில் விஷயம் தெரிந்த அன்று அம்மா ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் என்னைத் திண்ணைக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்:

"டேய் தம்பி, நீ கணக்குல புலியாச்சே. கடைசி ஆட்டத்துல என் கைல ஆஸ் ஜோடி. அதுக்கு மேல சீட்டே கிடையாது. அப்பவும் தோத்துட்டேன். நான் எங்க தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லு, திருத்திக்கிறேன்."

அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான் இந்தக் கட்டுரை.

போட்டி எப்படி நடக்கிறது?

முதலில் ஆட்டத்தைத் தெரிந்து கொள்வோம். அதிகம் ஆடப்படும் வகைக்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மற்றவருக்குத் தெரியாமல். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தை யார் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு.

டோர்னமென்ட் என்றால் நுழைவுப் பணம் ஒரு முறை. அதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு சிப் தருவார்கள். அந்தச் சிப்பை நடுவில் பணமாக மாற்ற முடியாது. சிப் முழுவதும் தீர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்து காத்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பந்தயம் உண்டு. அதன் பெயர் பிளைண்ட். சில நிமிடத்துக்கு ஒரு தடவை அது உயர்ந்துகொண்டே போகும். ஆகவே நல்ல சீட்டோ, சுமாரான சீட்டோ, ஏதாவது ஒரு கட்டத்தில் கையில் உள்ள எல்லாச் சிப்பையும் நடுவில் தள்ளித்தான் ஆக வேண்டும். இதுதான் ஆல்-இன்.

ஆஸ் ஜோடியின் கணக்கு

52 சீட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 1,326 வழிகள். நான்கு ஆஸில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள். 1,326-ஐ 6-ஆல் வகுத்தால் 221. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் ஆஸ் ஜோடி வரும். அண்ணனுக்கு வந்தது அப்படிப்பட்ட சீட்டு. எதிராளி கையில் ராஜா ஜோடி. இருவரும் ஆல்-இன்.

இப்போது நமக்குத் தெரியாத சீட்டுகள் 48. அதில் மீதி ராஜாக்கள் 2. நடுவில் விழும் ஐந்திலும் ராஜாவே வராமல் இருக்க வேண்டும். அதன் நிகழ்தகவு:

46/48 × 45/47 × 44/46 × 43/45 × 42/44

மேலும் கீழும் அடித்துவிட்டால் மிஞ்சுவது (43 × 42) / (48 × 47). அதாவது 1,806 / 2,256. சுமார் 0.80. ஆக, ராஜா ஒன்றாவது விழ 100-க்கு 20 வாய்ப்பு. ராஜா விழுந்தபோதே ஆஸும் விழுந்து நாம் தப்பிக்கும் நேரங்கள் கொஞ்சம் உண்டு. ராஜா விழாமலே எதிராளிக்கு வேறு வழியில் சீட்டு சேரும் நேரங்களும் கொஞ்சம் உண்டு. எல்லாம் கூட்டிக் கழித்தால் ஆஸ் ஜோடி ஜெயிக்க சுமார் 82, தோற்க சுமார் 18.

அண்ணன் நம்பவில்லை. "பதினெட்டா? அவ்வளவு எப்படிடா?" பெட்டிக்கடையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தோம். நாலு சீட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மீதி 48-ஐ அண்ணன் கலைத்துப் போட, நான் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். 50 தடவை போட்டதில் 11 தடவை ராஜா ஜெயித்தது. கணக்குப்படி 9 தடவை வர வேண்டும். 50 தடவையில் இரண்டு கூடுவது குறைவது சகஜம். பதினோராவது கோட்டைப் போட்டபோது அண்ணன் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு தடவைதான் 82. போட்டியில் முன்னேற வேண்டுமானால் இப்படிப் பல தடவை பிழைக்க வேண்டும். எதிராளியிடம் நம் அளவோ அதற்கு மேலோ சிப் இருந்தால், ஒரு தோல்வியே நம்மை வெளியேற்றிவிடும். அப்படிப்பட்ட ஆல்-இன்கள் அடுத்தடுத்து வந்தால், ஒவ்வொன்றிலும் நமக்கு 82 சதவீதம் சாதகம் என்றே வைத்தாலும்,

2 தடவை பிழைக்க: 67 சதவீதம்
3 தடவை: 55
4 தடவை: 45
5 தடவை: 37

நாலு தடவையும் மிகச் சரியாக ஆடியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியே போய்விடுகிறார்கள்! அவர்களில் யாருமே தப்பு பண்ணவில்லை.

"அண்ணே, நீங்க தப்பா ஆடல" என்றேன்.

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. முகம் இன்னும் வாடிவிட்டது. ஏன் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. தப்பு இருந்தால் திருத்தலாம், திருத்தினால் ஜெயிக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர் ஒவ்வொரு ராத்திரியும் மறுபடி பணம் கட்டினார்.

நுழைவுப் பணத்தின் கணக்கு

அண்ணன் வழக்கமாக ஆடியது 550 ரூபாய்ப் போட்டி. அதில் 500 பரிசுக்கு. 50 நடத்துபவருக்கு. நூறு பேர் ஆடினால் உள்ளே போவது 55,000. பரிசாக வெளியே வருவது 50,000. எல்லோரும் சம திறமைசாலிகள் என்றால் சராசரியாக ஆளுக்கு 50 ரூபாய் நஷ்டம் ஒவ்வொரு போட்டியிலும் நிச்சயம். ஒரு நாளைக்கு மூன்று போட்டி என்றால் முப்பது நாளில் 4,500 ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் இந்தப் பணம் நடத்துபவருக்குப் போகிறது. அவர் மட்டும் ஒரு சீட்டைக்கூடத் தொடுவதில்லை!

பரிசும் எல்லோருக்கும் கிடையாது. நூறில் 15 பேருக்குப் பரிசு என்று வைப்போம். ஒரு போட்டியில் வெறுங்கையாகத் திரும்பும் வாய்ப்பு 0.85. தொடர்ந்து பத்துப் போட்டியில் வெறுங்கை என்றால் 0.85-ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.20. அதாவது ஐந்து பேரில் ஒருவருக்குப் பத்துப் போட்டியிலும் ஒரு காசு வராது. அவர் "நமக்கு நேரம் சரியில்லை" என்பார். ஒன்று இரண்டில் பரிசு வாங்கியவர் "நமக்குக் கை வந்துவிட்டது" என்பார். இரண்டுமே பத்துப் போட்டியை வைத்துச் சொல்லக் கூடியதல்ல.

திறமையே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இது பாடமாகாது. எப்போது விலகுவது, எவ்வளவு பந்தயம் வைப்பது, எதிராளி பொய்யாக மிரட்டுகிறாரா என்பதில் தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் மலையளவு வித்தியாசம் உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் வெளியே தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் கேள்வி.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு சோதனை நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவாமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடி வென்றது. யார் கெட்டிக்காரர் என்று முடிவு செய்ய அவர்கள் ஆடியது 1,20,000 ஆட்டங்கள். இருபது நாட்கள். அதுவும் போதாதென்று, ஒரு மேஜையில் மனிதருக்கு விழுந்த சீட்டை இன்னொரு மேஜையில் கணினிக்குக் கொடுத்து, அதிர்ஷ்டத்தைச் சரிக்கட்டினார்கள்.

விஞ்ஞானிகளுக்கே இத்தனை ஆட்டம் தேவைப்பட்டது என்றால், ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்வைக்குள் ஆடும் நாம் எதை வைத்து நம் திறமையை முடிவு செய்வது? திறமையைத் தெரிந்துகொள்ளும் முன் சேமிப்பு தீர்ந்துவிடும்.

ஜெயித்தவர் கதை

அண்ணன் அடிக்கடி சொன்ன பெயர் கிறிஸ் மணிமேக்கர். கதையல்ல, நிஜம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கணக்கராக இருந்தவர். இணையத்தில் 86 டாலர் தகுதிப் போட்டியில் ஆட ஆரம்பித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள 2003-ஆம் ஆண்டு உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு இடம் பிடித்தார். லாஸ் வேகாஸில் 839 பேர் ஆடினார்கள். இவர் முதல் பரிசு 25 லட்சம் டாலர் வென்றார்.

இந்தச் செய்தி என்ன செய்தது? மறு ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006-இல் 8,773 பேர். ஒரு மணிமேக்கரின் பெயர் நமக்குத் தெரியும். மற்ற 838 பேரில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? அடுத்த ஆண்டுகளில் பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோரின் பெயர்? தோற்றவர் கதையை யாரும் விளம்பரமாகப் போடுவதில்லை.

சீட்டைக் கலைப்பது யார்?

"கம்ப்யூட்டர் ஏமாத்துதோ?" என்பது அண்ணனின் அடுத்த சந்தேகம். ஆஸ் ஜோடி தோற்றதற்கு ஏமாற்று தேவையில்லை, 18 சதவீதமே போதும் என்பதைப் பார்த்தோம். ஆனாலும் கணினித் துறை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு.

52 சீட்டை அடுக்கும் வழிகள் 52 ஃபேக்டோரியல். 8 போட்டு அதன் பின் 67 பூஜ்யம் போட்டால் ஏறக்குறைய அந்த எண். 1999-இல் ஒரு மென்பொருள் நிறுவனம், "பாருங்கள், நாங்கள் நியாயமாகக் கலைக்கிறோம்" என்று தன் நிரலையே வெளியிட்டது. அமெரிக்கப் பொறியாளர் குழு ஒன்று அதைப் படித்துப் பார்த்தது. கலைப்பதற்கான தொடக்க எண், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகள். ஒரு நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள்தான். ஆக, அவ்வளவு அடுக்குகள்தான் சாத்தியம். கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்தால் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. தன் கையில் உள்ள இரண்டு, நடுவில் திறந்த மூன்று, இந்த ஐந்து சீட்டை வைத்தே எல்லோர் கையிலும் என்ன சீட்டு என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்கு நிரலில் 52 வர வேண்டிய இடத்தில் 51 என்று ஒரு பிழை. அதனால் 52-வது சீட்டு 52-வது இடத்தில் இருக்கவே முடியாது!

யாரும் ஏமாற்ற நினைத்து எழுதிய நிரல் அல்ல அது. அக்கறையின்மைதான். லேபில் நாம் எழுதும் நிரலில் ஓர் எண் தவறினால் ஒரு மார்க் போகும். வெளியே அதே தவறு யாரோ ஒருவருடைய பணத்தின் மேல் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள். அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது.

சட்டம் வாசலைத்தான் பூட்டும். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்ற நினைப்பை நாம்தான் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டுக்குச் சாவி கணக்கில் இருக்கிறது.

அண்ணன் அன்றைக்குக் கடைசியாகக் கேட்டது இதுதான்: "அப்ப நல்லா ஆடினாலும் தோப்பேன். தப்பா ஆடினாலும் தோப்பேன். அப்புறம் எப்படித்தான்டா ஜெயிக்கிறது?"

"அந்த 550-ஐக் கட்டாம இருந்தா, அந்த 550 ஜெயிச்ச மாதிரிண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் என் எதிரிலேயே செல்போனிலிருந்து அந்த ஆட்டத்தை நீக்கினார். செயினை மீட்க அதன் பிறகு பதினான்கு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் பட்டறைச் சம்பளத்தில் எடுத்து வைத்த பணம்தான்.

அந்தச் சீட்டுக்கட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பணம் கட்டி ஆடத் துடிக்கும் நண்பர் யாராவது உங்கள் ஹாஸ்டலில் இருந்தால் அறிவுரை சொல்லாதீர்கள். ஒரு சீட்டுக்கட்டும் சாக்பீஸும் கொடுத்து, ஆஸ் ஜோடியை ராஜா ஜோடியோடு 50 தடவை மோத விடுங்கள். கோடுகளை அவரே எண்ணட்டும்.