பிடி அரிசியும் மகமையும்
(இளைஞர் பணிக்குப் பொருள் திரட்டும் முறை)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமியாகும். மழை பொய்த்தால் பருத்தியும் மிளகாயும் கருகும். விளைச்சல் குறைந்தால் சேலை வாங்குவோர் குறைந்து தறியும் ஓயும். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். அவர்களுக்கென மாலைப் படிப்பகமோ தையற் பயிற்சியோ நடத்த விரும்பும் மன்றங்கள் யாவும் முதலில் எழுப்பும் வினா, "பணத்திற்கு எங்கே போவது?" என்பதே. இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே உள்ளது.

விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889-ஆம் ஆண்டில் தோன்றிற்று. அதைத் தாங்கி நின்றவை இரண்டு. ஒன்று மகமை: வணிகர் தாம் விற்கும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையை ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்கினர். மற்றொன்று பிடி அரிசி: தாய்மார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர், அது வீடு வீடாகத் திரட்டப்பட்டது. அப்பள்ளியில் பயின்ற காமராசர், முதலமைச்சரான பின் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் ஊரார் பங்கினையே முதற் பலமாகக் கொண்டார். பின்னர்ச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசு ஏற்க, நாற்பது பங்கை ஊரார் தந்தனர்.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டுவன நான்கு.

1. சிறிதாகவும் தவறாமலும் கேட்க வேண்டும். ஒரு பிடி ஐம்பது கிராம் எனக் கொண்டால், இருநூறு வீடுகளில் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ. மாதத்திற்கு முந்நூறு கிலோ. ஒரே செல்வரின் பெருங்கொடை அடுத்த ஆண்டு வராமற் போகலாம்; இருநூறு பிடிகள் ஒரே நாளில் நின்றுவிடா.

2. பணமாக மட்டும் கேட்டல் கூடாது. உழவர் களத்து மேட்டில் ஒரு படி குதிரைவாலி தரலாம். நெசவாளர் ஒரு துண்டு தரலாம். தையல் அறிந்தவர் வாரம் இரண்டு மணி நேரம் தரலாம்.

3. கூட்டாளிகளைத் தேட வேண்டும். பள்ளி மாலையில் ஓர் அறை தரலாம். நூலகம் புத்தகம் தரலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அவர்களை அணுகுமுன் மன்றம் பதிவு பெற்றதாகவும், தணிக்கையான கணக்கு உடையதாகவும் இருத்தல் அவசியம்.

4. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். நான் பார்வையிடச் சென்ற ஓர் ஊரில், இளைஞர்கள் ஆர்வத்துடன் நிதி திரட்டிப் படிப்பகம் திறந்தனர். ஒருவரும் ஒரு காசும் எடுக்கவில்லை. ஆனால் ரசீதும் இல்லை, வரவு செலவும் படிக்கப்படவில்லை. மறு ஆண்டு ஊரார் கதவைத் திறக்கவில்லை. பூட்டிய படிப்பகத்தின் திண்ணையில் புத்தகப் பையுடன் காத்திருந்த பிள்ளைகளை என்னால் மறக்க இயலவில்லை. நேர்மை மட்டும் போதாது. நேர்மை பிறர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சங்கத்தின் பணத்தை, நல்ல காரியமேயாயினும், நிர்வாகிகள் தம் விருப்பப்படி எடுத்து வழங்கலாகாது. சட்டமும் துணைவிதியும் அனுமதிக்கும் நிதியிலிருந்து, முறையான தீர்மானத்தின் பேரிலேயே வழங்க வேண்டும். மேலும், மகமை ஒரு சமூகத்தாரின் கட்டுக்கோப்பிலே வளர்ந்தது. கூட்டுறவோ சாதி கடந்தது. ஆகவே முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பயனை ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்குவதே நம் கடமையாகும்.

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய வேண்டியவை:

அ) நம் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் தேவையானது யாது?
ஆ) ஒவ்வொரு வீடும் சிரமமின்றித் தரக்கூடியது யாது?
இ) மாதந்தோறும் கணக்கைப் படிக்கப் பொறுப்பேற்பவர் யார்?

மூன்றாவது வினாவிற்கு விடை கிடைத்த பின்னரே உண்டியலை எடுக்க வேண்டும்.