ஊர் திரும்பிய முதல் வாரம்

மாதந்தோறும் ஜெர்மனி சென்று வரும் ஒருவர், "வீட்டுக்கு வந்த பிறகுதான் உறக்கம் கெடுகிறது" என்றார். உடன் வந்த அவர் மனைவியோ, "வந்தும் வராதவர் போலவே இருக்கிறார்" என்றார். இருவர் கூற்றும் உண்மையே.

ஜெர்மனியின் நேரம் நம்முடையதைவிடக் கோடையில் 3½ மணியும் குளிர்காலத்தில் 4½ மணியும் பின்தங்கியது. உடற்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மணி நேரமே நகரும். கிழக்கு நோக்கித் திரும்புகையில் அதற்குச் சிரமம் மிகுதி. ஆகவே நான்கைந்து நாட்களுக்கு நள்ளிரவு கடந்தும் உறக்கம் வாராது. காலையில் எழ இயலாது. வீட்டார் இதனை அலட்சியமென்று எண்ணிவிடுகின்றனர். குடும்பக் கணக்கு வழக்குகளை அந்நாட்களில் பேசாதிருப்பது நலம். காலை வெயிலில் இருவரும் சேர்ந்து நடக்குமாறு கூறுகிறோம். கடிகாரத்தைத் திருத்துவது ஒளியே.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் புறப்படுமுன் எங்களைக் கண்டு ஊசி நேரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலொன்று துணைவரிடமும் இருக்கட்டும்.