கொலுப்படிக்குப் பழைய மரம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கொலுப்படிக்குப் பழைய மரம் தேடிப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது மரத்தின் வகையை அல்ல. நவராத்திரி முடிந்து பொம்மைகள் பெட்டிக்குள் போன பிறகு அந்தப் பலகைகள் என்ன ஆகப்போகின்றன என்பதைத்தான். பத்து நாள் படியாக நின்றுவிட்டு மீதி வருஷம் பரணில் கிடக்கப் போகிறதா? வருஷம் முழுக்கப் புத்தக அலமாரியாகவோ கூடத்துப் பெஞ்சாகவோ இருந்துவிட்டு மகாளய அமாவாசைக்குப் படியாக மாறப் போகிறதா? முதலாவதற்கு இலேசான மரம் போதும். இரண்டாவதற்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். இதை வீட்டிலேயே பேசி முடிக்காமல் கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் உருவிக் காட்டுகிற பலகைதான் நம் வீட்டுக்கு வரும்.

அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்துக்கு நாலடி நீளத்தில் ஐந்து படி சரியாக இருக்கும். படியின் அகலம் பத்து அங்குலம், படிக்குப் படி உயரம் ஒன்பது அங்குலம் என்று வைத்தால், முன்படிப் பொம்மை பின்படிப் பொம்மையை அதிகம் மறைக்காது. ஆனால் ஐந்து படியும் சேர்ந்து சுவரிலிருந்து நாலடிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கடையில் பேச்சு கன அடியில்தான் நடக்கும். அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். ஒரு அங்குலக் கனமுள்ள ஒரு பலகைக்கு 0.28, ஐந்துக்கும் சேர்த்து 1.4. பக்கச் சட்டங்களுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து இரண்டரை கன அடி என்று கேட்டால் போதும். தேக்கு என்றால் படிப் பலகைகள் மட்டும் ஏறக்குறைய 25 கிலோ வரும். பைன் என்றால் 20 கிலோ. பரணுக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இந்த ஐந்து கிலோ வித்தியாசம் தெரியும்.

கனத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பலகையின் கனம் இரண்டு மடங்கானால் அது வளையாமல் தாங்கும் திறன் எட்டு மடங்காகிறது. முக்கால் அங்குலப் பலகை நாலடி இடைவெளியில் மண்பொம்மைகளின் பாரத்துக்குத் தொய்யும். அப்படிப்பட்ட பலகைதான் கிடைத்தது என்றால் நடுவில் ஒரு கால் கொடுத்துவிடுங்கள்.

இனி மரங்களுக்கு வருவோம். வீடு இடித்த தேக்குதான் எல்லாருடைய ஆசையும். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து வந்த தேக்கு தூணாகவும் உத்திரமாகவும் கதவாகவும் நின்று, அந்த வீடுகள் பிரிக்கப்படும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கிறது. சென்னையிலும் மதுரையிலும் பழைய வீடுகளை இடிக்கிற ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டால், கைமரமும் சன்னல் சட்டமும் எங்கே போகின்றன என்று வழி சொல்வார்கள். இந்த மரத்தின் பெரிய பலம் அதன் வயது. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்துவிட்டது. ஐப்பசி மழையின் ஈரத்திலும் முறுக்கிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையால் கரையானும் எளிதில் நெருங்காது.

ஆனால் அழுக்கேறிய பலகை எதைப் பார்த்தாலும் தேக்கு மாதிரிதான் தெரியும். வெளிப்புறம் சாம்பல் நிறம், ஆணி இருந்த துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம், இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. பின்பக்கத்தில் ஒரு கையளவு மட்டும் இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். இழைப்புளி இரண்டு முறை ஓடியதும் தேன் நிறம் எட்டிப்பார்க்கும். விரலால் தடவினால் மெழுகு பூசியது போலிருக்கும். முகர்ந்தால் பதப்படுத்திய தோலின் வாசனை வரும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் தேக்கு. பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அது வைரம் இல்லாத வெள்ளைப் பகுதி. கரையானும் வண்டும் அங்கேதான் முதலில் புகும். வெள்ளையைச் சீவி எடுத்தபிறகு மிஞ்சும் அகலத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். பிறகு பலகையின் விளிம்பைத் தரையில் தட்டிப் பாருங்கள். புதிதாக மாவு போல் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்தடித்துச் சரிசெய்துவிடலாம் என்று யார் சொன்னாலும் அந்தப் பலகை வேண்டாம். வீட்டிலிருக்கும் மற்ற மரச்சாமான்களுக்கும் அது பரவும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வேலைப்பாடுள்ள முழுக் கதவையோ நிலையையோ அறுத்துப் படி செய்யாதீர்கள். முழுதாக இருக்கும் கதவைக் கொலுவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்தினால் அதைவிட நல்ல பின்னணி கிடையாது. படிக்கு உடைந்த கதவின் சட்டமும், பாதியில் ஒடிந்த உத்திரமும், ஜோடி பிரிந்த சன்னல் பலகையும் போதும். கடைகளில் அவை குவிந்து கிடக்கின்றன, விலையும் குறைவு. அதேபோல, தேரிலிருந்தோ கோயில் வாகனத்திலிருந்தோ பெயர்த்தது போலத் தெரியும் சிற்பப் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றை விற்க உரிமம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் ஊர் கூடி இழுத்த தேரின் துண்டு நம் கூடத்தில் அலங்காரப் பொருளாக நிற்கக் கூடாது.

தேக்குக்கு அடுத்து நான் தேடச் சொல்வது பலா. இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் பழைய வீடுகளில் பலா மரம் தாராளமாகப் புழங்கியிருக்கிறது. தஞ்சாவூர் வீணை செய்வதும் இந்த மரத்தில்தான். புதிதாக இழைத்தால் மஞ்சள், வருஷங்கள் போகப் போக செம்பழுப்பு. கரையானைத் தாங்குவதிலும் தேக்குக்கு அதிகம் பின்தங்காது. பிரித்துப் போட்ட பத்தாயத்தின் பலகை எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். நெல் கொட்டிவைக்கச் செய்தவை ஆதலால் அவை அகலமாகவும் கனமாகவும் இருக்கும். ஒட்டுப் போடாமல் ஒரே பலகையில் ஒரு படி எடுத்துவிடலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்களுக்கும் நான் தேக்கைச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஏற்றது இறக்குமதி இயந்திரங்களைச் சுற்றி வரும் பேக்கிங் பெட்டிகளின் பைன் மரம். ஸ்ரீபெரும்புதூர், ஒசூர், கோவை போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் காயலான் கடைகளிலேயே கிடைக்கும். வெளிர் நிறம், அறுக்க எளிது, வண்ணம் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். வாங்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் சூடு போட்டது போல் ஒரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு, ஓர் எண், கடைசியில் ‘எச்.டி.’ அல்லது ‘எம்.பி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் அரைமணி நேரம் எட்டும்படி சூடாக்கிப் பூச்சி நீக்கியது, அதை எடுக்கலாம். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. பிரசாதம் வைக்கிற இடத்துக்கு அது வேண்டாம். முத்திரையே இல்லை என்றால் அது உள்ளூர்ச் சரக்குக்குப் பயன்பட்டதாக இருக்கலாம். எண்ணெய்க் கறையோ ரசாயன நெடியோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

இந்தப் பெட்டிகளின் தொல்லை ஆணி. முறுக்காணி அடித்திருப்பதால் கொக்கி போட்டு இழுத்தால் பலகை பிளந்துவிடும். இரண்டு பலகைக்கும் இடையில் ஹேக்ஸா பிளேடை நுழைத்து ஆணியையே அறுத்துவிடுவது நல்லது. உள்ளே தங்கிய ஆணித் துண்டுகளைக் காந்தத்தால் தேடிக் குறித்துவையுங்கள். ஒன்று மாட்டினாலும் இழைப்பு மிஷினின் பிளேடு போய்விடும். பலகைகள் நான்கு அங்குல அகலத்தில்தான் அதிகம் வரும். ஒரு படிக்கு மூன்றை இடைவெளி இல்லாமல் ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் சந்து விட்டால் செட்டியார் பொம்மையின் முன்னால் அடுக்கும் சின்னச் சொப்புகள் சாயும்.

ஓட்டு வீடு பிரித்த நாட்டு மரங்களில் வேம்பும் பூவரசும் சரிப்படும். மாமரம் சீக்கிரம் உளுத்துப்போகும். பனஞ்சட்டம் இரும்பு மாதிரி உறுதியானது, ஆனால் அதன் கறுப்பு நார் ஊசியாகக் கையிலும் பட்டுத் துணியிலும் ஏறும். பக்கத் தாங்கலுக்கு வைக்கலாம், படிக்கு வேண்டாம். பழைய படகு மரத்தின் நீலமும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் உப்பூறிய மரம் ஈரக்காற்றை உறிஞ்சிக் கசிந்துகொண்டே இருக்கும். மாடியில் தொங்கவிட நல்லது. ரயில் தண்டவாளக் கட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது.

பழைய பெயிண்ட் உதிரும் கதவுகள் இப்போது பலருக்குப் பிடிக்கின்றன. அந்தப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். தவழும் குழந்தை இருக்கிற வீடு என்றால் அந்தத் தூள் நேராக அதன் கைக்குப் போகும். ரசாயனம் தடவி ஈரமாகவே சுரண்டி எடுக்கிற ஆளிடம் கொடுங்கள், அல்லது அந்தக் கதவையே விட்டுவிடுங்கள்.

மெருகுக்குத் தேக்கும் பலாவும் அதிகம் கேட்பதில்லை. ஆளி விதை எண்ணெய் இரண்டு கை, மேலே கொஞ்சம் தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கிவையுங்கள். பைனுக்கு எண்ணெயைவிட வண்ணம்தான் அழகு. பண்டிகை நாளில் குத்துவிளக்கு படியில் ஏற வேண்டாம், எவ்வளவு கெட்டியான மரமானாலும். தரையில் தாம்பாளம் வைத்து அதன்மேல் இருக்கட்டும். மிஞ்சிய பைன் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். பக்கத்து வீட்டில் டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள் என்றால் கொட்டகைக்கும் தீவனத் தொட்டிக்கும் அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. வைக்கோலுக்குப் பக்கத்தில் எல்.இ.டி. விளக்கு மட்டும் போடச் சொல்லிக் கொடுங்கள்.

விஜயதசமிக்கு மறுநாள் படியைப் பிரிக்கும்போது, எந்தப் பலகை எந்தப் படி என்று அடிப்பக்கத்தில் எண் எழுதிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் பலகை வளையும். தரையில் படுக்கப்போட்டு, பலகைக்குப் பலகை இடையில் ஒரே அளவுக் குச்சிகளை வைத்துக் காற்றுப் புக அடுக்குங்கள்.